எங்கிட்ட கேட்டியளா?

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் வீட்டு வாசலில் நான் பத்து நிமிடம் நின்ற கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏற்றம் ஏறி, வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. உட்காரப் போனேன். உடம்பு நாற்காலியைத் தொடுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எங்கிட்ட கேட்டியா?”

எழுந்துவிட்டேன். ‘உட்காரலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எனக்கும் வீம்பு. பழவங்காடியில் சொந்தமாக டைப்பிங், போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறவன், கரமனையில் நாலு பேர் மதிக்கிற குடும்பம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு அனுமதி கேட்பதா? நின்றேன். அவரும் விடவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, மடங்கிப்போன விரல்களின் முட்டியால் அரிசியைத் தள்ளித் தள்ளிக் கல் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

என்னை அங்கே கூட்டிப்போன லேகா டீச்சர் பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்து, “ஞான் இருந்நோட்டே சேச்சி?” என்று மலையாளத்தில் உட்காரலாமா எனக் கேட்டுவிட்டு நிற்க, “இரிங்க டீச்சர், அதுக்கென்ன” என்று பதில் உடனே வந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

“கேட்டா தேஞ்சா போவ?”

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கேட்டேன். உட்கார்ந்தேன். பதினைந்து வருடம் ஆகப்போகிறது, அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

அது தொழுநோய்க் குடியிருப்பு. திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். நோய் குணமாகி இருபது, முப்பது வருடம் ஆன பிறகும் திரும்பிப் போக வீடில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் வரிசை வரிசையான ஓட்டு வீடுகளில் இருந்தார்கள். சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த லேகா டீச்சர், அவர்களுடைய வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் புத்தகமாக்கப் புறப்பட்டிருந்தார். டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள், சர்க்கார் எழுதியிருக்கிறது, இவர்கள் சொன்னது மட்டும் எங்கேயும் இல்லை என்பார். அங்கே பாதிப் பேர் நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துத் தமிழர்கள். டீச்சருக்குத் தமிழ் சினிமா பார்க்கிற அளவுக்குத்தான் தமிழ். பதிவு செய்ததைக் கேட்டு எழுதி, டைப் அடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் கடைக்கு வந்தார். வாரம் ஒரு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் போக ஆரம்பித்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் முழுவதும், அங்கிருந்து திரும்பியதும் நேராகக் கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான்.

“என்ன, வந்ததும் வராததுமா குளிச்சாறது?” என்று மனைவி கேட்டாள்.

“பஸ்ல ஒரே வேர்வை” என்றேன்.

இது தொடுவதால் ஒட்டுகிற விஷயமே இல்லை, மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களிடமிருந்து யாருக்கும் எதுவும் வராது என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை நானே இரண்டு பிரதி டைப் அடித்தும் கொடுத்திருந்தேன். டைப் அடித்ததெல்லாம் மண்டையில் ஏறுமா என்ன?

அக்கா கொடுத்த டீயையும் தொடவில்லை. “அசிடிட்டி அக்கா, டீயே குடிக்கிறதில்லை” என்று சொல்லிவைத்தேன். அவர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“செரி. பஸ் ஸ்டாப்புக் கடையில ரெண்டு டீ குடிச்சிட்டு ஏறி வாறது வேற யாரோ போல.”

வற்புறுத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரமும் கேட்டார், “டீ குடிக்கியா?” அதற்கடுத்த வாரமும் கேட்டார். ஐந்தாவது வாரம் அவர் கேட்பதற்கு முன்னால் நானே, “அக்கா, ஒரு டீ கிடைக்குமா?” என்றேன். “இப்பமாவது கேட்டியே” என்று உள்ளே போனார். சர்க்கரை தாராளமாக விழுந்திருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன்.

கேட்க வேண்டும். அவரிடம் இருந்தது அந்த ஒரே சட்டம்தான். ஆனால் அதில் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கோழி முட்டையிட்டிருந்தால், கூட்டுக்கு முன்னால் குனிந்து, “எடுத்துக்கிடட்டா மக்களே?” என்று கோழியிடம் கேட்டுவிட்டுத்தான் கைவிடுவார். கோழி கொக்கரித்தால், “செரி, மத்தியானம் வாறேன்” என்று திரும்பிவிடுவார். நான் கேலி செய்தேன். “அதுக்கு வாய் இல்லாததுனாலயா கேக்காம எடுக்கணும்?” என்றார்.

அங்கே ஆள் வருவதற்குக் குறைவில்லை. ஒரு தடவை மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அவர்களில் ஒருவன் செல்போனை நீட்டி அக்காவின் கையைப் படம் எடுத்தான். அருகில் குனிந்து, விரல்களை மட்டும்.

“எங்கிட்ட கேட்டியளா?”

பையன் ஸாரி என்றான். பாடத்துக்கு என்றான். அக்கா கையை நீட்டி செல்போனை வாங்கிப் பார்த்தார்.

“கை இருக்கு. இந்தக் கைக்கு மேல ஒரு மொகம் உண்டுமே, அது எங்க?”

அழிக்கச் சொன்னார். அழித்தான். அத்தோடு விடுவார் என்று பார்த்தால், உள்ளே போய்த் தலை வாரி, வேறு சேலை உடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “இனி எடுங்க. எல்லாவரும் வந்து நில்லுங்க. நிக்கதுக்கு முன்ன ஓரோருத்தரும் பேரு சொல்லணும், ஊரு சொல்லணும்.” பிள்ளைகள் வரிசையாக வந்து பேர் சொல்லி நின்றார்கள். அந்தப் பையனைத் தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அவன் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி போட்டு, பஸ் பிடித்து, நேரில் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா அதை வாசலிலேயே மாட்டியிருந்தார். போகிற வருகிறவர்களிடம், “எனக்க டாக்டர் பிள்ளைக” என்பார்.

டீச்சரின் கேள்விகளுக்கும் அதே சட்டம்தான். அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால், அதே கேள்விக்கு நாங்களும் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக எப்போது அழுதீர்கள் என்று டீச்சர் கேட்டார். “நீ எப்பம் அழுத?” என்று அக்கா என்னைத்தான் கேட்டார். நான் அழுகிறவன் இல்லை என்றேன். “அப்பம் நானும் இல்ல. மெஷினில அப்பிடியே எழுதிக்கோ” என்றார். அன்றைய பேட்டி அதோடு முடிந்தது. அடுத்த வாரம் நான் உண்மையைச் சொன்ன பிறகுதான் ரெக்கார்டர் மறுபடி ஓடியது.

அங்கே எல்லோரும் அவரைச் சரஸ்வதி என்றுதான் கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டிலும் அதுதான். ஆனால் அது அவர் பேர் இல்லை. மூன்றாவது மாதம், “வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?” என்று டீச்சர் கேட்டபோது அக்கா ரெக்கார்டரைக் காட்டி, “அத அணைங்க” என்றார். அணைத்தோம். அப்புறம்தான் சொல்ல ஆரம்பித்தார்.

பத்தொன்பது வயதில், அண்ணனின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, முதுகில் தேமல் மாதிரி வந்தது தேமல் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார், வலி தெரியவில்லை. வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். சேர்த்துக்கொள்கிற அறையில் குமாஸ்தா பேர் கேட்டார். நிஜப் பேரைச் சொன்னால் நாளைக்கு ஊருக்குக் காகிதம் போகும், அண்ணன் கல்யாணம் நிற்கும். சுவரில் ஒரு காலண்டர். அதில் வீணையோடு சரஸ்வதி. “சரஸ்வதி” என்றார். ஊரையும் மாற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் அங்கே வந்தவர்களில் அநேகம் பேர் இப்படித்தான். குடும்பம் தப்பிக்க வேண்டும் என்று பேரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவர்கள்.

“நாப்பது வருசம் ஆச்சு டீச்சர். ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல்ல. நீங்க கேட்டிய.”

பிறகு தன் பேரைச் சொன்னார். மெதுவாகச் சொன்னார். “இனி மெஷினப் போடுங்க” என்று சொல்லி, ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு இன்னொரு தடவை, இந்த முறை சத்தமாக, குடும்பத்தை ஊரில் அடையாளம் சொல்கிற வீட்டுப்பேரோடு சேர்த்துச் சொன்னார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ரெக்கார்டரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இனி என் வீரப் பிரதாபம். புத்தகத்தின் வரைவு தயாரானதும், டீச்சருக்குப் பணம் தந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒரு நியமம் வந்தது. பேசியவர்களின் பேரை எல்லாம் மாற்ற வேண்டும். அடையாளம் தெரிந்தால் அவர்களுக்குக் கெடுதல் வரலாம், ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கேயும் அப்படித்தான் செய்வார்கள். டீச்சர் ஒரு பட்டியலைக் கொடுத்து, “பேர் நீங்களே பார்த்துப் போடுங்கள்” என்றுவிட்டார். எனக்கா தெரியாது? இரண்டு கீ அழுத்தினால் முன்னூறு பக்கத்திலும் பேர் மாறும். அக்காவின் நிஜப் பேரையும் மாற்றினேன், சரஸ்வதியையும் மாற்றினேன். இரண்டுக்கும் பதில் பார்வதி. ஐந்து நிமிட வேலை. பெருமையாக இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். அக்காவுக்கு நான்தான் வாசித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். “நவராத்திரி ஒன்பதாம் நாள் பார்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்குவோம்” என்று ஒரு வரி வந்தது.

“நில்லு. அது சரஸ்வதி பூசையாக்கும்.”

கம்ப்யூட்டர் தெய்வத்தையும் சேர்த்து மாற்றியிருந்தது. “சின்னப் பிழை அக்கா, சரி பண்ணிடறேன்” என்று பக்கத்தைத் திருப்பப் பார்த்தேன். விடுவாரா? மேலே வாசி என்றார். வாசித்தேன்.

“இதுல பார்வதி பார்வதின்னு வருதே, அது யாரு?”

“நீங்கதான் அக்கா.”

நான் அவசரமாக நியமத்தை விளக்கினேன். உங்கள் நன்மைக்காகத்தான் என்றேன். எல்லா இடத்திலும் வழக்கம் என்றேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“சரஸ்வதி ஆச்சு. இப்பம் பார்வதி. இனி லெச்சுமியும் ஆயிட்டா மூணு பேரும் நான்தான். எங்கிட்ட கேட்டியா தம்பி?”

கேட்கவில்லை. நாற்காலிக்குக் கேட்டேன், டீக்குக் கேட்டேன், பேருக்குக் கேட்கவில்லை.

“மொத தடவ நானே மாத்தினேன். பயந்துபோயி மாத்தினேன். ரெண்டாந்தடவ வேற ஒருத்தன் மாத்தப்பிடாது. எனக்க கதைன்னா எனக்க பேரு இருக்கணும். இல்லைன்னா அந்த தாளெல்லாம் கிழிச்சிட்டுப் போ.”

டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். நியமத்தை மீறினால் புத்தகமே வராது. அக்காவின் பகுதியை எடுத்துவிட்டால் புத்தகத்தில் பாதி உயிர் போய்விடும். நிறுவனத்தில் இதைத் தீர்மானிக்கிற குழு மாதம் ஒரு முறை கூடும் என்றார். “அவுங்க எங்கிட்ட கேக்க மாட்டாவ. நானே போய் அவுங்கள கேக்கேன்” என்றார் அக்கா.

போனார். நானும் டீச்சரும் கூடப் போனோம். நீளமான மேசை, ஏ.சி., ஐந்து பேர். நோய் பட்ட காலுக்கென்று தனியாகத் தைத்துக் கொடுக்கிற தடித்த ரப்பர் செருப்போடு அக்கா வாசலில் நின்று, “உள்ள வரலாமா?” என்று கேட்டார். வந்து உட்கார்ந்தார். தமிழும் மலையாளமும் கலந்து, தனக்குத் தெரிந்த பாஷையில் பேசினார். பேர் தன்னுடையது, கெடுதல் வந்தாலும் தனக்குத்தான், தன்னைக் கேட்காமல் தன்னைக் காப்பாற்றுவது என்ன நியாயம் என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

குழுவின் தலைவர் வயதான ஒரு டாக்டர், தணிவான மனிதர். மலையாளத்தில் மெல்லக் கேட்டார். “பேர் உங்களுடையது, சம்மதிக்கிறேன். வீட்டுப்பேர் உங்கள் அண்ணனுடையதும் அல்லவா? புத்தகம் வந்தால் அவர் ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்வார்கள். அவரிடம் கேட்டீர்களா?”

அக்கா இல்லை என்று தலையசைத்தார். அண்ணன் சம்மதம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் நியமப்படிதான் என்று முடிவானது. எனக்கு அந்த டாக்டர்மேல் கோபம் கோபமாக வந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரை நாலு வார்த்தை திட்டினேன். அக்கா என்னை நிறுத்தினார்.

“அவரு கேட்டது ஞாயம்தான். நான் கேக்கல்லியே.”

அண்ணன் இருக்கிறாரா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் யோசித்தார். அண்ணன் கதவைச் சாத்திவிட்டால் புத்தகமும் போச்சு, நாற்பது வருடமாக மனசுக்குள் வைத்திருந்த வீடும் போச்சு. போகாமலே இருந்தால் வீடாவது மனசில் மிச்சமிருக்கும். இதை அவரே என்னிடம் சொன்னார். எட்டாம் நாள் போனில், “நாளைக்கு தக்கலை பஸ்ஸில போவோம். நீ வாறியா?” என்றார். கேட்டார், பாருங்கள். வருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். பழைய ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு இருந்தது. கேட்டுக்கு வெளியே அக்கா நின்றுவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு? யாரைப் பாக்கணும்?”

அக்கா தன் பேரைச் சொன்னார். நான் எத்தனையோ தடவை டைப் அடித்த பேர். கரகரவென்று வந்தது. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆனால் உள்ளே ஈஸிசேர் கிறீச்சிட்டது. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. வந்த ஆட்டோவை ஏன் அனுப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அவர் படியிறங்கி வந்தார். கேட்டுக் கம்பியைப் பிடித்தார். முகமெல்லாம் கோபம்.

“போகும்போ எங்கிட்ட கேட்டியாட்டி?”

அதே வார்த்தை. அதே இழுப்பு. அக்கா கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் தன் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். கடைசியாக எப்போது அழுதீர்கள் என்ற கேள்விக்கு இனி வேறு பதில் டைப் அடிக்க வேண்டும்.

உள்ளே போனோம். பெரியவர் கோபத்தை விடவே இல்லை. சோறு போட்டுக்கொண்டே திட்டினார். கல்யாணம் முடிந்த மாதமே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. தங்கை படுத்த பாயை உதறியபோது தலைமாட்டில் ஊசி கிடந்திருக்கிறது. உடம்பில் ஊசி குத்திப் பார்ப்பது எந்த நோய்க்கு என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். விசாரித்து விசாரித்து அந்தக் குடியிருப்பு வரை வந்திருக்கிறார்.

“மூணு தடவ வந்தேன். வாசல்ல பேரு சொல்லிக் கேட்டேன். ரெஜிஸ்தர பாத்துட்டு அப்பிடி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லியாச்சு. மூணாந்தடவ, நீ கண்ணுல பட்டா உண்டுன்னு, எதுத்தாப்ல நின்ன புளியமரத்து மூட்டுல பொழுதடைய இருந்தேன்.”

அக்காவின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது.

“அந்தப் புளியமூட்டுலயா? அதுல நான் எத்தன தடவ புளி பொறுக்கினேன்.”

“நீ செத்துட்டேன்னு நெனச்சு திவசம் கொடுக்கேன் வருசா வருசம்.”

“இனி குடுக்காத.”

அந்த இளம் பெண், பெரியவரின் மருமகள், முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, அண்ணனுக்கு முன்னால் நின்று, முறையாகக் கேட்டார். புத்தகத்தில் தன் பேரும் வீட்டுப்பேரும் போட்டுக்கொள்ளலாமா, பேரன் பேத்திகளுக்கு அதனால் குறைச்சல் வருமா, சம்மதம் இல்லையென்றால் ஒன்றுமில்லை. பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். பெரியவர் எழுதினார். ‘இவள் எனக்கு ஒரே தங்கை. இவள் பேரும் எங்கள் வீட்டுப்பேரும் தெளிவாகப் போட வேண்டியது. அண்ணன் என்று என் பேரும் சேர்க்க வேண்டியது.’ கீழே கையெழுத்து.

அன்று மாலை குடியிருப்பு வாசலுக்குத் திரும்பியதும், வீட்டுக்குப் போக வேண்டியவர் நேராகக் காவலாளியிடம் போனார்.

“உங்க புஸ்தகத்துல ஒரு பேரு எழுதலாமா?” என்று கேட்டார். காவலாளி அறிமுகமான ஆள்தான். ஒன்றும் புரியாமல் நோட்டை நீட்டினார். நான் எழுதினேன், அக்கா சொல்லச் சொல்ல. நிஜப் பேர், வீட்டுப்பேர், எந்த வரிசையில் எந்த வீடு.

“இனி யாராவது வந்து இந்தப் பேரு சொல்லிக் கேட்டா, இல்லைன்னு சொல்லப்பிடாது.”

அடுத்த கூட்டத்தில் டாக்டர் அந்தக் கடிதத்தை வாசித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கடிதம் மேசையைச் சுற்றி வந்தது. அவர் எழுந்து நின்று அக்காவிடம், “ஒரு காரியம் செய்யலாமா? புத்தகத்தில் இருக்கிற எல்லோரிடமும் போய்க் கேட்கச் சொல்லலாமா, எந்தப் பேர் வேண்டும் என்று?” என்றார். அக்கா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “அதத்தானே நான் மொதல்லயே சொன்னேன்” என்றார்.

வீடு வீடாகப் போய்க் கேட்டோம். சிலர் நிஜப் பேரைச் சொன்னார்கள். சிலர், வேண்டாம், இதே பேர் போதும் என்றார்கள். ஒருவர் புதிதாக ஒரு சினிமா நடிகர் பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போதும் பொய்ப் பேர் வேண்டும் என்கிறவர்களைப் பற்றி அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். “உனக்கென்ன? அவுங்க கிட்ட கேட்டாச்சுல்லா?” என்று என் வாயை அடைத்துவிட்டார். எல்லாப் பேரையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து என் கையாலேயே மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுகிற அந்த ரிப்ளேஸ் ஆல் பக்கமே போகவில்லை. சரஸ்வதி பூஜைக்கு அவளுடைய பேர் திரும்பக் கிடைத்தது.

புத்தகம் வெளியானது குடியிருப்பு ஹாலில். அண்ணன் குடும்பம் வேன் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் பிள்ளைகளில் நாலு பேர் வந்திருந்தார்கள். டீச்சர் மைக்கில் அக்காவின் பேரை, வீட்டுப்பேரோடு, கூப்பிட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை.

“ஒருக்கா கூட சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் சொன்னார். ஹால் கைதட்டியது. “இன்னும் ஒருக்கா” என்றார். மூன்றாவது தடவை டீச்சரோடு சேர்ந்து ஹாலே சொன்னது. ஓடு அதிர்ந்தது என்று சொன்னால் மிகை என்பீர்கள், நான் அங்கே இருந்தவன். அக்கா அப்போதுதான் எழுந்து மேடைக்குப் போனார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நான் பேசலாமா?” என்று கேட்டார். பேசுங்கோ, பேசுங்கோ என்று எல்லாப் பக்கமிருந்தும் சத்தம். தன் பேர், வீட்டுப்பேர், ஊர், அண்ணன் பேர் நாலையும் சொன்னார். “வேற ஒண்ணும் இல்ல” என்று இறங்கிவிட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அதை அவர் பார்த்துவிட்டார். “மெஷினில எழுதிக்கோ” என்றார்.

அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் தக்கலைக்குப் போவார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் கேட்டியா கேட்டியா என்று சண்டை போட்டுக்கொள்வதாக மருமகள் போனில் சொல்வாள். ஒரு தடவை என் கடைக்கே வந்தார். வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கிளம்பும்போது, “புஸ்தகத்துல போட்டாச்சு, அது போரும். வேற எங்கயாவது எனக்க பேர எழுதினா எங்கிட்ட கேட்டுட்டு எழுதணும், கேட்டியா” என்றார். சரி அக்கா என்றேன். காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்தது அண்ணன் வீட்டில். சமாதிக் கல்லில் அவர் பேர்தான் இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் பேரோடுதான் எழுதினேன். முடித்துவிட்டு வாசித்துப் பார்த்தபோது அந்தக் குரல் கேட்டது. திரும்பிப் போய்க் கேட்க ஆள் இல்லை. பல வருடம் கழித்து அந்த இரண்டு கீயை மறுபடி அழுத்தினேன். பேர் இருந்த இடத்திலெல்லாம் அக்கா என்று வந்தது.

புத்தகத்தின் ஒரு பிரதி என் கடை மேசையில் இருக்கிறது. பழவங்காடிப் பக்கம் வந்தால் ஏறிவந்து கேளுங்கள், எடுத்துத் தருகிறேன். முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே அவர் பேர் இருக்கிறது, வீட்டுப்பேரோடு.